துண்டுக்கு அடியில் ஒரு கை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மட்டாஞ்சேரிக் கொட்டார அரண்மனைக்குள் குடியிருக்கும் பழையன்னூர் பகவதி சாட்சி. என் வாயில் மிச்சமிருக்கும் ஐந்து பற்கள் சாட்சி. இருபத்திரண்டு வருஷம் வங்கியில் பேரேடு எழுதியவன் நான். ஒரு பைசாவைச் சேர்த்துச் சொன்னாலும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பயம் இன்னும் விடவில்லை.

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, தானாக அணையும் விளக்கு என்றெல்லாம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். நான் கண்ட பேய் காலை பத்து மணிக்கு வரும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஆடி மாதம். பகல் இரண்டு மணி. பஜார் ரோட்டிலிருந்து காயலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில் நானும் வீரபாண்டியும் ஒரே குடைக்குள் போய்க்கொண்டிருந்தோம். வீரபாண்டி மதுரைப் பக்கத்துக்காரன். வெலிங்டன் தீவில் கப்பலுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். அவன் நின்றால் வாசலுக்குக் கதவு தேவையில்லை. குடையில் முக்கால் பங்கு அவனுக்கு, கால் பங்கு எனக்கு.

எங்கள் வங்கி போன வருஷம் திடீரென்று கதவை இழுத்து மூடியிருந்தது. பணம் போட்டவர்கள் வாசலில் அழுதுவிட்டுப் போனார்கள். ஆனால் கடன் வாங்கினவர்கள் அப்படித் தப்பிவிட முடியாது. வங்கி செத்தாலும் அதற்கு வரவேண்டிய கடன் சாகாது. அதை வசூலிக்க எர்ணாகுளத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்தார். கடன்காரர்களின் முகம் தெரிந்தவன் என்பதால் என்னை அரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். அந்த முகங்களைப் பயமுறுத்த வீரபாண்டியை வைத்துக்கொண்டார். நான் காகிதத்தைக் காட்டுவேன், அவன் கையைக் காட்டுவான். அநேகமாக இரண்டாவதைத்தான் மதிப்பார்கள்.

அன்று நாங்கள் போனது ஷௌகத் அலியின் வீட்டுக்கு. மிளகுக்கும் சுக்குக்கும் சாக்குப் பை தைத்து விற்றவர். வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். வங்கிக் கணக்குப்படி வட்டி போக அசல் பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கட்டியாகிவிட்டது என்றார் ஷௌகத் அலி. கட்டவில்லை என்றது பேரேடு. அந்தப் பேரேட்டை எழுதியவன் நான்.

மட்டாஞ்சேரிச் சந்தையில் அந்தக் காலத்தில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அடியில் விரல்கள் பேசும். முதல் பிடி ஆயிரம், அடுத்த பிடி நூறு, அதற்கடுத்தது பத்து. எத்தனை விரலைப் பிடித்தாரோ அத்தனை. சம்மதம் என்றால் கட்டைவிரலை எதிராளியின் உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து. அதோடு தீர்ந்தது. பிறகு அதற்குச் சீட்டு கேட்பது, அப்பன் பெயரைக் கேட்பதற்குச் சமம்.

வங்கி மூடுவதற்கு ஐந்து வாரம் முன்னால் எங்கள் கிளையின் தலைவரான ஏஜென்ட் ஷௌகத் அலியின் கடைக்குப் போனார். கூட நானும் போனேன். வட்டியை மட்டும் தள்ளுபடி செய்யக் கேட்டார் ஷௌகத் அலி. ஏஜென்ட் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். துண்டு விழுந்தது. நான் ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தேன். துண்டு எடுபட்டதும் ஷௌகத் அலி பெட்டியைத் திறந்து நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். ஏஜென்ட் பைக்குள் வைத்தார்.

“ரசீது நாளைக்குக் கொடுத்து அனுப்பறேன்” என்றார் ஏஜென்ட்.

“துண்டு போட்டப்புறம் ரசீது எதுக்கு சார்?” என்று முகம் சுளித்தார் ஷௌகத் அலி.

அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. வங்கி மூடின அன்றைக்கே ஏஜென்டும் ஊரில் இல்லை. பணம் பேரேட்டுக்கு வரவேயில்லை. எர்ணாகுளத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னால், பார்த்தவன் ஏன் எழுதவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அரைச் சம்பளமும் போகும். ‘பணம் கைமாறியதாக எனக்கு நினைவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து மிக அழகாக விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் ஷௌகத் அலி படகேறி எர்ணாகுளம் போவார். அதிகாரி, குமாஸ்தா, வாசலில் நிற்கும் சேவகன், யாரைக் கண்டாலும் கையை நீட்டுவார். “இப்படித்தான் சார் பிடிச்சாரு. பிடிச்சுப் பாருங்க, தெரியும்.” எல்லாரும் கையை இழுத்துக்கொள்வார்கள். எட்டு மாதம் போனார். சித்திரையில் காய்ச்சல் வந்து படுத்தார். பத்தே நாள்.

பள்ளிவாசல் கபர்ஸ்தான் வாசல்வரை நானும் போயிருந்தேன். தொழுகைக்கு முன் அவர் மைத்துனர் எழுந்து, “மௌத்தானவரு யாருக்காவது கடன் பட்டிருந்தா இப்ப சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன்” என்று கேட்டார். அது அவர்கள் முறை. யாரும் வாய் திறக்கவில்லை. வங்கியின் சார்பில் அங்கே நின்ற ஒரே ஆள் நான். நானும் திறக்கவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது போயிருந்தோம்.

கதவு திறந்தே இருந்தது. முன்கட்டில் வெளிச்சமில்லை. மழையில் ஊறிய சாக்கின் வாடை. அதற்கடியில் பழைய மிளகுத் தூசி, தொண்டையைக் கமறியது. ஓட்டிலிருந்து எங்கேயோ ஒரு பாத்திரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எதிரே உள்கட்டுக்குப் போகும் வாசலில் பச்சைத் திரை. சுவரோரம் ஒரு பெஞ்சு.

“யாரு?” திரைக்குப் பின்னால் ஒரு பெண்குரல். ஷௌகத் அலியின் மனைவி ஜுமைலா. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் அவருக்கு இன்னும் சில வாரம் பாக்கி இருந்தது.

“பேங்க்லேந்து வந்திருக்கோம்” என்றேன்.

“மெல்லப் பேசுங்க சாமி. அவுக இருக்காக.”

வீரபாண்டி குனிந்து என் காதில், “புருஷன் செத்து மூணு மாசமாச்சுன்னீகளே சாமி?” என்றான்.

“ஆச்சு. நானே போயிருந்தேன்.”

அவன் தைரியமாகிவிட்டான். குரலை உயர்த்தினான். “தாயி, இந்த மாதிரி நாடகம் எம்புட்டோ பாத்தாச்சு. தோப்பும்படில ஒருத்தன் எங்களைக் கண்டு மீன் பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டான். மேல ஐஸ்கட்டி வேற. அவன்கிட்டயே வசூல் பண்ணினவன் நான்.”

“பெஞ்சுமேல துண்டு கிடக்கா, பாருங்க” என்றது திரை.

கிடந்தது. சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. நடுவில் ஒரு கை உயரத்துக்கு மேடாக இருந்தது.

“பூனை” என்றான் வீரபாண்டி.

பூனை மூச்சு விடும். அது விடவில்லை.

வீரபாண்டி துண்டை இழுத்தான். கீழே வெறும் பலகை. சிரித்துக்கொண்டே துண்டைத் திருப்பிப் போட்டான். அது தட்டையாகப் படிந்தது.

பிறகு, மெல்ல, நடுவில் எழும்பியது.

சொட்டும் சத்தம் நின்றுவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

“எடுத்தா ஒண்ணும் இருக்காது. போட்டா வந்துருவாக” என்றது திரை. “பத்து மணிக்கு வந்து உக்காருவாக. அஞ்சு வரைக்கும் இருப்பாக. பேங்க் ஆளு யாராச்சும் கை கொடுக்கணுமாம். வேற ஒண்ணும் கேக்கல.”

கப்பல் மூட்டை தூக்கினவனுக்கு ஒரு பெண்பிள்ளை முன்னால் பின்வாங்க முடியுமா? வீரபாண்டி பெஞ்சில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டான்.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் போனது.

“சாமி.”

“என்ன?”

“ரெண்டு வெரலைப் பிடிக்குது.”

நான் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தேன்.

“இப்ப மூணு.”

மழை வலுத்தது.

“நாலு. சாமி, விடச் சொல்லுங்க சாமி.”

மதுரைக்காரனுக்கு மட்டாஞ்சேரிச் சந்தைப் பேச்சு தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு, மூன்று, நான்கு. பேரேட்டில் நான் எழுதாத அதே தொகை.

கட்டைவிரலை அழுத்துடா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனை விட்டிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிடும் இல்லையா? கை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து மணிவரைக்கும் அப்படியே நடந்தது. மூன்று மணி நேரம். திரைக்கடியிலிருந்து ஜுமைலா இரண்டு தடவை சாயா நகர்த்திவைத்தார். இரண்டையும் நானே குடித்தேன். வீரபாண்டிக்குக் கை ஒழியவில்லை.

இடையில் ஒரு தடவை திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “சாமி, நீங்க மட்டும் ஏன் ஒண்ணும் பேசல?”

ஐந்து அடித்தது. துண்டு படிந்தது. வீரபாண்டி எழுந்து, குடையை எடுக்காமல், மழைக்குள் நடந்து போனான். அந்த வாரமே மதுரைக்கு ரயிலேறிவிட்டான். பிறகு சாகும்வரை இடது கையால்தான் சாப்பிட்டான் என்று கேள்வி.

மறுநாள் நான் எர்ணாகுளம் போய் அதிகாரியிடம் நின்றேன்.

“எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?” என்றார்.

“கட்டிவிட்டதாகச் சொல்கிறார் சார்.”

“யார்?”

“கடன் வாங்கினவர்.”

“அவர்தான் இறந்துவிட்டாரே!”

“ஆமாம் சார். அதற்குப் பிறகும் அதையேதான் சொல்கிறார்.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வீட்டை ஏலத்துக்கு விடும் நோட்டீசில் கையெழுத்துப் போட்டு, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

மூன்று நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியைச் சுற்றினேன். நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்தச் சந்தில் இறங்கினேன். இந்தத் தடவை முழுக்குடையும் எனக்குத்தான். அப்படியும் நனைந்திருந்தேன்.

முன்கட்டில் அதே வாடை. பெஞ்சில் துண்டு. நடுவில் அதே மேடு. அது என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் சத்தியம் செய்திருக்கிறேன் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

நோட்டீசைத் திரைக்கடியில் தள்ளினேன். உள்ளே காகிதம் பிரியும் சத்தம்.

“வீட்டுக்காகச் சொல்லல சாமி” என்றார் ஜுமைலா. குரல் தரையிலிருந்து வந்தது, உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. “எனக்குப் பிள்ளையா குட்டியா? பாலக்காட்டுல எங்க காக்கா, கூடப் பொறந்த அண்ணன், இருக்காரு. ஒரு மூலை கொடுப்பாரு. ஆனா இந்த வீட்டை வாங்கறவன் இந்த பெஞ்சைத் தூக்கி வெளிய போடுவானே. அப்புறம் இவுக எங்க வந்து உக்காருவாக?”

நான் பெஞ்சைப் பார்த்தேன்.

“மொத நாளு நானே கையைக் கொடுத்தேன். என் கைன்னு தெரிஞ்சதும் ரெண்டு தட்டு தட்டிட்டு விட்டுட்டாக. சின்னப் பிள்ளையைத் தட்டித் தூங்கப் பண்ணுவாங்களே, அப்படி. பதினெட்டு வருஷம் பிடிச்ச கை சாமி. இப்ப அவுகளுக்கு என் கை வேணாம். பேங்க் கைதான் வேணும்.”

பெஞ்சுமேல் துண்டு லேசாக அசைந்தது.

“நீங்க அன்னைக்குக் கடையில இருந்தீகளாமே? சாக்குக் கட்டுமேல உக்காந்து சாயா குடிச்சீகளாம். அவுக சொல்லுவாக. ‘வெங்கிட்டு சாமி நல்ல ஆளு, கேட்டா உள்ளதைச் சொல்லுவாரு’ன்னு கடைசி நாள்வரைக்கும் சொன்னாக.”

“நான் பிடிச்சா அவர் போயிடுவார்” என்றேன். “அப்பறம் வரமாட்டார். யோசிச்சுக்கோங்கோ.”

“தெரியும்.”

ஓட்டில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

“போகட்டும்” என்றார். உடனே, “இருங்க. ஒரு நிமிஷம்” என்றார்.

உள்ளே அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கடியில் ஒரு கண்ணாடித் தம்ளர் வந்தது. சாயா, ஆவி பறந்தது. “அவுக பக்கத்துல வைங்க. காலையிலேந்து ஒண்ணும் குடிக்கல.”

வைத்தேன். உட்கார்ந்தேன். கையை உள்ளே விட்டேன்.

கிணற்று நீரில் ராத்திரி முழுக்கக் கிடந்த இரும்பு போலிருந்தது. ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு தழும்பு. சாக்கு ஊசி குத்திக் குத்தி ஆன தழும்பு, எனக்குத் தெரிந்த தழும்பு.

இரண்டு விரலைப் பிடித்தது.

மூன்று.

நான்கு.

பிறகு காத்திருந்தது.

நான் அசையவில்லை. கை மறுபடியும் சொன்னது. இந்தத் தடவை மெல்ல. காது கேட்காதவனிடம் சொல்வதுபோல. இரண்டு. மூன்று. நான்கு. எட்டு மாதம் எர்ணாகுளத்தில் யார் யாரிடமோ நீட்டி, யாரும் பிடிக்காத விரல்கள்.

கட்டைவிரலை அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

கை உடனே விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாயிற்று. உயிருள்ளவன் கையைப்போலவே ஆயிற்று. பிறகு என் புறங்கையில் இரண்டு தட்டு தட்டியது.

துண்டு படிந்தது.

“போயிட்டாகளா?”

“போயிட்டார்.”

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“சாயா குடிச்சாகளா சாமி?”

தம்ளரைப் பார்த்தேன். நிறைய இருந்தது. ஆடைகூடக் கலையவில்லை.

“குடிச்சார்” என்றேன். சத்தம் கேட்காமல் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. காலித் தம்ளரைத் திரைக்கடியில் தள்ளினேன். ஒரு கை அதை எடுத்துக்கொண்டது. நான் வாசலிறங்கும்போது திரைக்குப் பின்னால் தம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அது நிற்கவேயில்லை. சந்து முனைவரைக்கும் கேட்டது.

அடுத்த படகில் எர்ணாகுளம் போனேன். பழைய வாக்குமூலம் பொய், பணம் கைமாறியதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பேனாவை எடுத்து ஷௌகத் அலியின் கணக்கைக் குறுக்கே அடித்தார். ஏலம் ரத்து. நோட்டீசின் ஆபீஸ் நகலைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். ஜுமைலா அதே வீட்டில் சாக்கு வியாபாரத்தைத் தானே நடத்தினார். பெஞ்சை யாரும் நகர்த்தவில்லை.

ஒன்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து யாராவது என் கையைப் பிடித்தால் சட்டென்று இழுத்துக்கொள்கிறார்கள். போன மாதம்கூட ஒரு டாக்டர் என் நாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் மணிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “சாமி, உங்க கைக்குள்ள இன்னொரு கை இருக்கே, அது யாரோடது?” என்றார். மணியைப் பார்த்தேன். நாலே முக்கால். இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள் என்றேன்.

ஏலம் ரத்து என்றேன் அல்லவா, பேரேடு சொல்வது வேறு: அந்த வீடு 1961 அக்டோபர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஏலத்தில் போயிற்று. மூன்று தரம் கூவியது நான்.